மதுரையிலிருந்து மட்டக்களப்புக்கு: முதல் 12 நாட்கள்

முதல் நாள்

மதுரையில் விமானம் ஏறி ஒரு மணி நேரத்தில் கொழும்பு வந்துவிட்டோம். அங்கே ஓர் இரவு தங்கி, விடிந்தும் விடியாமலும் கோட்டை நிலையத்தில் ரயில் ஏறினோம். மட்டக்களப்பு வந்து சேர ஒரு பகல் முழுவதும் ஆனது.

நெல் ஆலை இயந்திரங்களைப் பொருத்திப் பராமரிக்கும் வேலை என் கணவருக்கு. 2 வருட ஒப்பந்தம். நான், 11 வயது மகள், 6 வயது மகன், 5 பெட்டிகள், ஒரு பிரஷர் குக்கர். கொழும்பில் யாரிடம் என்ன கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டியிருந்தது, வெளிநாட்டுக்கு வந்துவிட்டோம் என்பது அங்கேதான் உறைத்தது. மாகோ தாண்டிக் காடு வந்தது. கல்ஓயாவில் திருகோணமலைப் பாதை பிரிந்து போனது. பொலன்னறுவை போய், மனம்பிட்டியில் மகாவலி ஆற்றைக் கடந்ததும் பெட்டிக்குள் தமிழ்ப் பேச்சு கூடிக்கொண்டே வந்தது. வாழைச்சேனையில் ஏறிய ஒரு பெரியவர் என் மகனைப் பார்த்து, "தம்பி, எங்க போறீங்க?" என்றார். ஆறு வயதுப் பையனுக்கு 'போறீங்க'. எங்கள் ஊரில் பள்ளிக்கூட வாத்தியார்கூட அவனை அப்படிக் கேட்டதில்லை.

மட்டக்களப்பு கடைசி நிலையம். இறங்கியதும் முகத்தில் அடித்தது கடல் காற்று இல்லை, அனல் காற்று.

இரண்டாம் நாள்

வீடு கல்லடியில். நகரத்தின் நடுப்பகுதி புளியந்தீவு, பெயருக்கேற்ற தீவு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் எங்கள் தெரு. வாவி என்று எழுதினாலும் இங்கே பேச்சில் அது 'ஆறு'தான். வடக்கே பங்குடாவெளியிலிருந்து தெற்கே கல்முனை வரை 56 கிலோமீட்டர் நீளம். வைகையை வருடத்தில் பாதி நாள் மணலாகவே பார்த்து வளர்ந்த எனக்கு, எந்தத் தெரு முனையில் திரும்பினாலும் தண்ணீர் தெரிவது இன்னும் பழகவில்லை.

வீட்டுக்கார அம்மாவுக்கு 70 இருக்கும். பின்பக்க அறைகளில் அவர் இருக்கிறார், முன்பக்கம் எங்களுக்கு. வாசலில் நின்று "வாங்க மகள், இரிங்க" என்று அவர் சொன்னபோது, மகள் என்றது என்னைத்தான் என்று புரிய ஒரு நொடி ஆனது. பிள்ளைகள் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டேன். "அம்மம்மா எண்டு கூப்பிடட்டும், மறுகா என்ன?" என்றார்.

இந்த 'மறுகா'வை இன்று மட்டும் நாற்பது தடவை கேட்டிருப்பேன். அப்புறம், பிறகு, வேறென்ன, இன்னும் சொல்லுங்கள் என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். மறுபடி என்பதோடு உறவுள்ள சொல்லாக இருக்க வேண்டும். மட்டக்களப்பு ஆள் என்பதை இதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்களாம்.

அவர் வீட்டைச் சுற்றிக் காட்டியபோது நான் கேட்டதெல்லாம் தமிழ், ஆனால் என் தமிழ் இல்லை. சமையலறை குசினி, நாற்காலி கதிரை, துண்டு துவாய், சோப்பு சவர்க்காரம். தெருவில் பேக்கரிக்கு வெதுப்பகம் என்று பலகை. அந்தச் சொல்லைப் பார்த்து என் கணவர் வண்டியை நிறுத்தி இரண்டாவது முறை படித்தார். நாங்கள் ஆங்கிலத்தில் சொல்வதற்கு இங்கே தமிழில் ஒரு சொல் இருக்கிறது. நாங்கள் தமிழில் சொல்வதற்குப் போர்த்துக்கீசியர் விட்டுப்போன ஒரு சொல் இருக்கிறது.

இன்னொன்றும் அந்த அம்மா சொன்னார். இந்த வீடு அவர் அம்மாவுடையது, அதற்கு முன் அம்மாவின் அம்மாவுடையது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். குடியும் தாய் வழியில்தான் எண்ணுவார்கள். நான் கல்யாணத்தன்று அழுதுகொண்டே கார் ஏறியதை நினைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவும் செய்தேன். "அப்ப உங்கட அம்மா தனியவா இருக்கா?" என்று கேட்டார். அதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை.

மூன்றாம் நாள்

மகள் வாசலில் விளையாடப் போய்ப் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்று, "படத்தில கதைக்கிற மாதிரி இன்னொருக்காக் கதைங்க" என்று கேட்டிருக்கிறார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. திரையில் மட்டும் கேட்ட தமிழ் ஒரு சிறுமியின் வாயிலிருந்து வந்தது அவர்களுக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் இவள் எது சொன்னாலும் சிரிப்பு வந்திருக்கிறது. சாயங்காலம் முழுவதும் அவள் வாயே திறக்கவில்லை.

நான்காம் நாள்

அம்மம்மா காலையில் வாசலுக்கு வந்து, "கச்சான் துவங்கிட்டு, பிள்ளைகள வெயிலுக்க விடாதீங்க" என்றார். மகன் உடனே கையை நீட்டினான், கச்சான் வேண்டும் என்று. இங்கே வேர்க்கடலைக்குக் கச்சான் என்று பெயர், நேற்றுதான் வாங்கிக் கொடுத்திருந்தோம். அவர் சொன்னது காற்றை. வைகாசி தொடங்கி ஆடி ஆவணி வரை மேற்கே நிலத்திலிருந்து சுடச்சுட அடிக்கும் காற்றுக்கும் கச்சான் என்றே பெயர். மேற்கிலிருந்து வருகிற மழையெல்லாம் மலையில் இறங்கிவிட, இந்தப் பக்கம் வெறும் சூடுதான் வருகிறது. மழைக்கு ஐப்பசி கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும். அது மட்டும் எங்கள் ஊர்க் கணக்கு.

அம்மம்மா ஒரு தாளில் கச்சான் பொட்டலம் மடித்து மகனிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

ஐந்தாம் நாள்

விடியற்காலை கடற்கரை. சூரியன் கடலிலிருந்து எழும்பி வந்தது. அதனால்தான் கடலோரப் பக்கத்துக்கு எழுவான்கரை என்று பெயர். வாவிக்கு அந்தப் பக்கம், சூரியன் விழுகிற மேற்குக் கரை படுவான்கரை. இதைவிட அழகாக ஓர் ஊரைக் கிழக்கு மேற்கு பிரிக்க முடியுமா என்று தெரியவில்லை.

கரையிலேயே ஒரு முருகன் கோயில், பெயர் திருச்செந்தூர். வருஷம் ஒரு தடவை திருச்செந்தூர் போகிற குடும்பம் நாங்கள். மகன் "நம்ம கோயில்" என்று ஓடினான். கிட்டே போன பிறகுதான் கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பது தெரிந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த அலையில் சாய்ந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. இந்த நாட்டில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா என்று அரசு விடுமுறை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் இந்த நிலத்தில், கல்லடியிலும் நாவலடியிலும் ஓடுவதற்கு இடம் எங்கே இருந்திருக்கும்? நாவலடியில் நினைவுத்தூண் இருக்கிறது. அதில் பெயர்கள். ஒரே குடும்பப் பெயர்கள் அடுத்தடுத்து வருவதைப் பார்த்ததும் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

அம்மம்மா அந்த நாளைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அவர் வீட்டுச் சுவரில் ஒரு சின்னப் பெண்ணின் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறார்.

திரும்பும் வழியில் சுவாமி விபுலானந்தரின் சமாதிக்குப் போனோம், சிவானந்தா வித்தியாலய வளாகத்தில் இருக்கிறது. காரைதீவில் 1892-இல் பிறந்தவர். 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் பண்டிதர் தேர்வு எழுதித் தேறியவர், 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிருந்து ஒருவர் தமிழுக்காக எங்கள் ஊரைத் தேடியிருக்கிறார். சங்கத்துக்கு எதிரே பேருந்துக்காக எத்தனை நாள் நின்றிருப்பேன், இது எனக்குத் தெரியாது. சமாதியில் அவர் எழுதிய பாட்டு, இறைவனுக்கு எந்த மலர் வேண்டும் என்று மல்லிகையில் தொடங்குகிறது. மகள் இரண்டு நாளுக்குப் பிறகு அங்கேதான் வாய் திறந்து, அதை உரக்கப் படித்தாள்.

ஏழாம் நாள்

நேற்று எழுதவில்லை, எழுதும் மனநிலை இல்லை. மதுரையில் கட்டி அனுப்பிய பெட்டிகள் வந்தன. இரண்டு பெட்டிகள் பிரிக்கப்பட்டு, கிரைண்டர் கல் உடைந்து, அம்மா கொடுத்த வெண்கல உருளி இல்லாமல் வந்தன. அனுப்பிய நிறுவனத்தார் தொலைபேசியில் ஒருவர் மாற்றி ஒருவரிடம் கொடுத்தார்கள். உருளி வராது என்று எனக்கே தெரிந்துவிட்டது. அது பாட்டி கையால் புழங்கியது. குசினியில் உட்கார்ந்து அழுதேன்.

அம்மம்மா எதுவும் கேட்காமல் ஒரு தட்டோடு வந்தார். அரிசிமாப் புட்டு, மேலே எருமைத் தயிர், சீனி. புட்டுக்குத் தயிரா என்று தோன்றியது, ஒரு வாய் வைத்ததும் அந்தக் கேள்வி போய்விட்டது. இங்கத்துத் தயிர் மண்சட்டியில் உறைந்து கத்தியால் வெட்டுகிற மாதிரி இருக்கும். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. மட்டக்களப்புத் தயிருக்கு இலங்கை முழுவதும் பேர் என்று ரயிலில் வந்த பெரியவரும் சொல்லியிருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் சொன்னார்: "மட்டக்களப்புக்கு வந்தவங்களப் பாயோட ஒட்ட வைச்சிப் போடுவம் எண்டு சொல்றவங்க. கேள்விப்பட்டயளா?" வந்தவர்கள் திரும்பிப் போகவே மாட்டார்கள், மந்திரம் போட்டு உட்கார்ந்த பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதாம். "மந்திரமும் இல்ல ஒண்டும் இல்ல. சோறு குடுப்பம், அவ்வளவுதான்."

எட்டாம் நாள்

படுவான்கரையில் ஓர் ஆலையைப் பார்க்க என் கணவர் போக வேண்டியிருந்தது, நாங்களும் கூடப் போனோம். காத்தான்குடி வழியாகப் போகும்போது சாலை நடுவில் வரிசையாகப் பேரீச்ச மரங்கள். குருக்கள்மடம் வந்ததும் ஓட்டுநர், "பாதையில போவம்" என்றார். பாதையில்தானே போய்க்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தேன். சாலை முடிந்து தண்ணீர் வந்தது. அங்கே தட்டையான ஒரு பெரிய மிதவை, அதில் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும். அதற்குப் பெயர்தான் பாதை! வாவிக்கு மேலே ஒரு பாதை நகர்ந்து போய் அம்பிளாந்துறையில் இறக்கிவிடுகிறது.

அந்தக் கரையில் கண் எட்டிய வரை வயல். கால்வாய்த் தண்ணீரில் சிறுபோக நெல் பச்சையாக நின்றது. கடலோரத்தில் ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்க, இங்கே ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் எருமைகள் மேய்கின்றன. அந்தத் தயிர் எங்கிருந்து வருகிறது என்பதும் விளங்கிவிட்டது.

கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீஸ்வரர் கோயில். போர்த்துக்கீசியத் தளபதி ஒருவன் கோயிலை இடிக்க வந்து, இந்தக் கல் நந்தி புல் தின்னுமா என்று கேட்டானாம். நந்தி எழுந்து புல் தின்றதாம். இதைக் கேட்டதும் என் மகன், "எங்க ஊர்ல கல் யானை கரும்பு தின்னுச்சு" என்று கோயிலில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். ஒரு பாட்டி அவனைப் பிடித்து உட்காரவைத்து முழுக் கதையையும் கேட்டார். மீனாட்சி கோயில் யானையின் கதையை இங்கே ஆறு வயதுப் பிள்ளை சொல்ல, பத்துப் பேர் "மறுகா? மறுகா?" என்று கேட்டார்கள்.

திரும்பும்போது 2014-இல் திறந்த மண்முனைப் பாலம் வழியாக வந்தோம். வேகமாக வந்துவிட்டோம். பாதைதான் எனக்குப் பிடித்திருந்தது.

பத்தாம் நாள்

போயா. இறைச்சிக் கடைகள் மூடியிருந்தன. இரவு சாப்பிட்டுவிட்டுக் கல்லடிப் பாலத்துக்குப் போனோம். 1924-இல் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய இரும்புப் பாலம் ஒன்று, அதை ஒட்டி 2013-இல் திறந்த புதுப் பாலம் ஒன்று. பழைய பாலத்தின் அடியில்தான் மீன் பாடும் என்பார்கள். மீன்பாடும் தேன்நாடு என்று இந்த ஊருக்குப் பேர்.

அம்மம்மாவின் மருமகன் ஒரு படகுக்காரரைச் சொல்லி வைத்திருந்தார். சித்திரையிலிருந்து புரட்டாசி வரை, தண்ணீர் தெளிந்து ஓடாமல் நிற்கும் மாதங்களில், நிலவு முழுதாக இருக்கும் இரவுகளில் கேட்கும் என்றார் படகுக்காரர். பாடுவது மீனா, அடியில் கிடக்கும் ஊரி என்ற நத்தையா என்பது இன்னும் முடிவாகவில்லை. 1848-இலேயே டெனன்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இங்கே படகில் வந்து கேட்டு எழுதி வைத்திருக்கிறார்.

படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். பகல் முழுவதும் அடித்த காற்று ஓய்ந்திருந்தது. துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் இறக்கி, மறு முனையைக் காதில் வைக்கச் சொன்னார். நான் வைத்தேன், தண்ணீர் மரத்தில் மோதும் சத்தம்தான் வந்தது. கணவர் வைத்தார், தலையை ஆட்டினார். மகன் என் மடியில் தூங்கியே போனான். மகள் வாங்கி வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். பாலத்தில் ஒரு லாரி போனது, அது போய் முடியும் வரை பொறுத்திருந்தாள். வெகுநேரம் கழித்துக் கையை உயர்த்தினாள், யாரும் அசையாதீர்கள் என்று.

பிறகு நானும் கேட்டேன். பாட்டு என்று சொல்ல மாட்டேன். தம்புராவின் ஒரே ஒரு கம்பியை யாரோ ஆழத்தில் தொட்டுத்தொட்டு விடுகிற மாதிரி, ஒன்று இங்கே, ஒன்று அங்கே. காதில் கேட்பதைவிடத் தாடை எலும்பில் உணர்வது அதிகம். துடுப்பை எடுத்ததும் நின்றுவிடுகிறது. மறுபடி வைத்தால் அது பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கிறது.

பதினோராம் நாள்

காலையில் வாசலில் சத்தம். மகள் படியில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் மீன் கேட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள், சுத்தமான மதுரைத் தமிழில். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. பாலத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள், அதில் இரண்டு பேர் ஒருதடவைகூட அதைக் கேட்டதில்லையாம்.

பன்னிரண்டாம் நாள்

இதைத்தான் நான் எழுத வேண்டும் என்று முதலிலிருந்து காத்திருந்தேன் போலும்.

வைகாசியில் இந்தக் கிழக்குக் கரை முழுவதும் கண்ணகி அம்மன் கோயில்கள் கதவு திறக்கின்றன. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் என்று அம்பாறைப் பக்கமும் மட்டக்களப்புப் பக்கமும் ஊருக்கு ஊர் கண்ணகி. கல்யாணக்கால் நட்டு அவளுக்குக் கல்யாணம் செய்கிறார்கள். அவள் வழக்கைப் பாட்டாகப் படிக்கிறார்கள். கடைசி நாள் குளிர்த்தி. மதுரையை எரித்த சூடு ஆறாமல் வந்தவளைக் குளிரவைப்பது. கண்ணகி வழிபாட்டை இங்கே கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இலங்கை வேந்தன் கயவாகுவைச் சிலப்பதிகாரத்தில் ஒரு வரியாகப் படித்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் கண்ணகி கோயில் என்றால் சித்திரைப் பௌர்ணமிக்கு ஒருநாள் மட்டும் மலை ஏறிப் போவது. எரிந்த ஊரில் நாங்கள் அவளைப் பாடமாக வைத்துக்கொண்டோம். இங்கே அவளை வீட்டுப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறார்கள்.

செட்டிபாளையம் போக அம்மம்மா எங்களை இரவே கிளப்பினார். பொங்கல் பானைகளின் புகை, வேப்பிலை வாசம், தெரு கொள்ளாத ஜனம். விடியும் முன் உடுக்குச் சத்தம் எழுந்தது. பூசை செய்யும் கட்டாடியார் குளிர்த்திப் பாட்டைத் தொடங்கினார். எரிந்த ஒவ்வொன்றையும் சொல்லி, குளிரம்மா குளிரம்மா என்று கெஞ்சுகிற பாட்டு அது. மாடம் எரிந்தது, கூடம் எரிந்தது என்று மனசு தானாக என் தெருக்களை வரிசையாகக் காட்டியது. மாசி வீதி, ஆவணி மூல வீதி. பெண்கள் குரவையிட்டார்கள். என் கைகள் தானாகக் கூப்பியிருந்தன. இருபது வருஷம் படித்தும் படிப்பித்தும் வந்த கதைக்கு முதல் தடவையாக அழுதேன்.

வேப்பிலை மிதந்த தண்ணீரைத் தெளித்தார்கள். சனம் பாத்திரங்களோடு நெருங்கியது. எங்களிடம் பாத்திரம் இல்லை, அம்மம்மா தன் செம்பை என் மகள் கையில் கொடுத்து முன்னால் தள்ளினார். "இந்தப் பிள்ள மதுரை. முதல்ல இவக்கு விடுங்க."

கூட்டம் ஒதுங்கியது. நான் எதிர்பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி, தொண்ணூறு வயதாவது இருக்கும், மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் சரியாகத் தெரியவில்லை போல, முகத்தைத் தடவிப் பார்த்தார்.

"மதுரையா மகள்? அங்க இப்ப எல்லாரும் சுகமா?"

போன மாதம்தான் எரிந்தது போலக் கேட்டார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"எல்லாரும் சுகம் அம்மம்மா," என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "மறுகா, நீங்க?" என்றாள்.